எட்டடி குறைந்த கொட்டகை

ஆர்டன் ஷ்லோசர் வருகிறேன் என்று சொன்னால் நிச்சயம் வருவான். எந்த வாரம் என்று மட்டும் சொல்ல மாட்டான். ஒஹாயோவின் இந்த வடமேற்கு மூலையில், மேடு என்று ஒன்றைத் தேடினாலும் கிடைக்காத எங்கள் சமவெளியில், நிற்கிற கம்பக் கொட்டகைகளில் பாதி அவன் கைபட்டவை. நாலரை அடிக்குக் குழி தோண்டிக் கம்பங்களை நட்டு, கூரைச் சட்டங்களை ஏற்றி, மேலும் பக்கமும் தகரம் அடித்துவிட்டால் கொட்டகை தயார். அவன் நட்டதில் காற்றுக்குச் சாய்ந்தது என்று ஒன்றைக்கூட யாரும் காட்ட முடியாது. அதனால் அவன் செய்கிற தாமதத்தை ஊர் பொறுத்துக்கொண்டது.

வெர்லின் டெட்மரால்தான் பொறுக்க முடியவில்லை. ஜூலைக் கடைசியில் ஆர்டனுடைய பிக்கப் வண்டியின் பின்பலகை மேல் ஒரு காகிதத்தை விரித்து, வெர்லினுடைய கொட்டகைக்கு நீளம் எழுபத்திரண்டு அடி, அகலம் நாற்பத்தெட்டு என்று கோடு போட்டு, கைகுலுக்கி முடித்தார்கள். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆர்டன் போனான். ஆகஸ்டு முழுக்க அவனைக் காணவில்லை. அப்போது கைப்பேசி கிடையாது. வீட்டுக்குத் தொலைபேசி செய்தால் அவன் மனைவி எடுத்து, "சொல்றேன்" என்பாள்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். பெயர் நார்பர்ட், ஊருக்கு நார்ப். வெர்லின் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. அடுத்தது என்றால் கால் மைல். பிள்ளைகளை ஏற்றிப்போகும் காலை நடை முடிந்து மாலை நடை தொடங்கும்வரை எனக்கு வேலை கிடையாது. அந்த நேரத்தில் அடுத்தவர் வேலையை வேடிக்கை பார்ப்பேன். என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு இதில் நல்ல தேர்ச்சி வந்துவிட்டது. வெர்லினின் மனைவி ஜோலீன் காபி போட்டால் எனக்கும் சேர்த்தே போடுவாள்.

"அந்த வெள்ளை வண்டி ஆர்டனோடதா?" என்பான் வெர்லின், சமையலறை ஜன்னலை விட்டு நகராமல்.

"பால் வண்டி," என்பேன்.

"அது?"

"அதுவும் பால் வண்டிதான். போனது திரும்பி வருது."

ஜோலீன் மேஜையைத் துடைத்துக்கொண்டே சொல்வாள்: "நகரத்துக் கம்பெனிக்காரன் அச்சடிச்ச பேப்பரோட வந்தான். தொடங்கற தேதி, முடிக்கற தேதி, மழை பெஞ்சா என்ன, பெய்யலேன்னா என்ன, எல்லாம் போட்டிருந்துச்சு. நீதான் தொரத்திவிட்டே."

"வெளியூர்க்காரன் வண்டி என் வாசல்ல நின்னா தானியக் கிடங்குல என்ன பேசுவாங்க?"

"இப்ப எந்த வண்டியுமே நிக்கல. அதுக்கு என்ன பேசறாங்க?"

வெர்லின் வெளியே போய், நேற்று எண்ணெய் போட்ட டிராக்டருக்கு இன்றும் எண்ணெய் போடுவான். அவன் கைகள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. அந்த ஆகஸ்டில் கால்களும் அப்படி ஆகிவிட்டன.

அவனுடைய அவசரத்துக்குக் காரணம் ஊருக்கே தெரியும். அப்பா எமில் டெட்மர் போய் நாலு வருஷம். சாலைக்கு வடக்கே இருந்த பூர்வீக வீடும், பெரிய பழைய கொட்டகையும், எண்பது ஏக்கரும் மூத்தவன் ராய்ஸுக்கு. கல்யாணம் செய்துகொள்ளாமல் அப்பாவோடு கடைசிவரை இருந்தவன் அவன். சாலைக்குத் தெற்கே எண்பது ஏக்கர் வெர்லினுக்கு, கொட்டகை இல்லாமல். வெர்லினுடைய மெஷின்களெல்லாம் வழக்கம்போல அப்பாவின் கொட்டகையிலேயே நின்றன. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த மார்ச்சில் வெர்லின் அங்கே போய்ச் சுவரில் தொங்கிய பெரிய ஸ்பானரை எடுத்தான். விதைப்பு மெஷினை முடுக்க வேண்டியிருந்தது. கதவருகே நின்ற ராய்ஸ், "அடுத்த தடவை கேட்டுட்டு எடு" என்றான்.

அவ்வளவுதான். அந்தக் கொட்டகையில் வைக்கோல் மேல் குதித்து வளர்ந்தவன் வெர்லின். ஸ்பானரைத் தரையில் வைத்துவிட்டு வந்துவிட்டான். அன்று மத்தியானமே தானியக் கிடங்கில், காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஆறேழு பேர் முன்னால் சொன்னான்: "நவம்பர்ல நன்றித் திருநாளுக்கு முன்னாடி என் கடைசி போல்ட்கூட அந்தக் கொட்டகையில இருக்காது. செத்தாலும் இனி அவங்கிட்ட ஒண்ணு கேக்க மாட்டேன்." எங்கள் ஊரில் தேவாலயத்தில் சொன்னதையாவது மறந்துவிடுவார்கள். கிடங்கில் சொன்னதை மறக்க மாட்டார்கள்.

செப்டம்பர் இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஆர்டன் வந்தான். நேற்றுத்தான் கைகுலுக்கிவிட்டுப் போனவன்போல வண்டியிலிருந்து இறங்கி, சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு இடத்தைப் பார்த்தான். கூடவே அவனுடைய இரண்டு மருமகன்கள். இருவருக்கும் சேர்த்து மாமனாரே பேசிவிடுவதால் அவர்கள் வாயைத் திறப்பதில்லை.

"ஆறு வாரமாச்சு," என்றான் வெர்லின்.

"இடம் எங்கேயும் ஓடிப் போகலையே," என்றான் ஆர்டன்.

மூலைகளில் குச்சி அடித்து நூல் கட்டினார்கள். அந்த வருஷம் ஆறு வாரமாக மழையில்லை. மண் வெடித்து விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. ஆர்டன் வண்டியிலிருந்து வளைத்த இரண்டு கம்பிகளை எடுத்துக் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நடந்தான். பூமிக்கடியில் வடிகுழாய் இருக்கிற இடத்தில் அந்தக் கம்பிகள் தாமாகக் குறுக்கே சேரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்குப் பாதி நம்பிக்கை. இந்த ஊர் முழுக்க ஒரு காலத்தில் சதுப்பு. தாத்தாக்கள் சுட்ட மண் குழாய்களை ஓரடி ஓரடியாகப் பூமிக்குள் கோத்துத் தண்ணீரை ஓடைக்கு இறக்கிய பிறகுதான் இங்கே சோளம் முளைத்தது. எந்தக் குழாய் எந்த வழி போகிறது என்பது புதைத்தவனுக்குத்தான் தெரியும்.

வடமேற்கு மூலைக் குச்சியருகே கம்பிகள் சேர்ந்தன. ஆர்டன் பின்னால் போய்த் திரும்ப நடந்தான். மறுபடியும் சேர்ந்தன.

"இங்க ஏதோ ஓடுது."

"அப்பா குழாய் அந்த வால்நட் மரத்துக்கடியில போகுது. எனக்குத் தெரியாதா? உன் கம்பி என் மாமியார் வந்தாலும்தான் சேரும்," என்றான் வெர்லின்.

அந்த நேரத்தில் சாலையில் ராய்ஸின் பச்சை பிக்கப் வந்தது. வேகத்தைக் குறைத்தான். குச்சிகளையும் நூலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினான். எங்கள் சாலையில் எதிரியாக இருந்தாலும் எதிர்ப்பட்டால் ஒரு விரல் உயர்த்துவோம். ஆர்டன் கையிலிருந்த கம்பியோடு உயர்த்தினான். நானும் உயர்த்தினேன். வெர்லின் குனிந்து நூலைச் சரிசெய்தான். பச்சை வண்டி கொஞ்ச நேரம் அப்படியே ஊர்ந்துவிட்டுப் போனது.

மறுநாள் டிராக்டரின் பின்னால் பூட்டிய பெரிய திருகு குழி தோண்டியது. பதினேழு குழிகளில் கறுப்பு மண்ணும் நீலக் களியும் வந்தன. வடமேற்கு மூலையில், நாலடிக்குக் கீழே, கடகடவென்று ஒரு சத்தம். திருகைத் தூக்கியபோது களிமண்ணோடு செங்கல் நிறச் சில்லுகள் வந்தன. வளைந்த சில்லுகள்.

ஆர்டன் ஒன்றைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் உட்பக்கத்தைத் தடவினான். "பெருசு. பத்தங்குலம் இருக்கும். எல்லாத் தண்ணியும் வந்து சேர்ற தாய்க்குழாய் மாதிரி இருக்கு, வெர்லின்."

வெர்லின் மண்டியிட்டுக் குழிக்குள் எட்டிப் பார்த்தான். "காஞ்சு கிடக்கு. உள்ள தூசி. செத்த குழாய். தாத்தா காலத்துது."

"ஆறு வாரமா மழையில்ல. இந்த ஊர்ல எல்லாக் குழாயும்தான் காஞ்சு கிடக்கு."

"செத்த குழாய்ங்கறேன்."

ஆர்டன் விதைத் தோலைத் துப்பினான். "உங்கப்பா கொட்டகைச் சுவத்துல பென்சில்ல படம் போட்டு வெச்சிருந்தாரே. தானிய அறைக் கதவுக்குப் பக்கத்துல. நான் அங்க கூரை மாத்தறப்போ பாத்திருக்கேன். ரெண்டு நிமிஷ வேலை. ராய்ஸைக் கேட்டுப் பாத்துட்டு வந்துடு. நான் அதுவரைக்கும் சாப்பிடறேன்."

வெர்லின் எழுந்து முட்டியைத் தட்டினான். முகம் சிவந்திருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"எதுக்காக இந்தக் கொட்டகையைக் கட்டறேன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் என்ன? கான்கிரீட்டை ஊத்து."

ஆர்டன் என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். மாலை நடைக்கு நேரமாகிவிட்டது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். ஒன்றரை மணிநேரம் மிச்சமிருந்தது. ஆர்டன் தோளைக் குலுக்கிவிட்டு மருமகன்களுக்குத் தலையசைத்தான். குழியில் கான்கிரீட் இறங்கியது. மேலே கம்பம் நின்றது.

பிறகு வேலை பறந்தது. செப்டம்பர் முடிவதற்குள் கூரைச் சட்டங்கள் ஏறின. ஜோலீன் தினமும் மத்தியானத்துக்குப் பிய்த்த கோழிக்கறியை பிஸ்கட் தூளோடு சேர்த்துக் கெட்டியாக வேகவைத்து ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தாள். ஆர்டன் நாலு தின்பான். மருமகன்கள் ஆளுக்கு ஐந்து. கூரைத் தகரம் ஏறி வெயிலில் பளபளத்தபோது வெர்லின் சாலையைக் கடந்து டிராக்டரையும் விதைப்பு மெஷினையும் கொண்டுவந்து உள்ளே நிறுத்தினான். அறுவடை மெஷின் கதிரறுப்பு முடிந்ததும் நேராக இங்கே வந்து நிற்கும். அது முன்னால் மாட்டிக்கொள்கிற மக்காச்சோளத் தலை மட்டும் இன்னும் அண்ணன் கொட்டகையில் கிடந்தது. மேற்கு ஓரத்தில் கடைசி இரண்டு கம்பங்களுக்கு நடுவே இருந்த எட்டடிக் கட்டம் அதற்கு என்று தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தான்.

"பாரு நார்ப், நல்லா பாரு," என்று என்னைத் தோளில் தட்டினான். நான்கு வருஷத்தில் அவன் அப்படிச் சிரித்துப் பார்க்கவில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூலைக் கம்பத்தை மட்டும் நான் பார்க்கவில்லை.

அக்டோபர் ஆறாம் தேதி மழை பிடித்தது. இரண்டு மாதத்துக்கு மேலாக வராதது மூன்று நாள் விடாமல் பெய்தது. வெர்லினுடைய சோயா முன்பே அறுவடையாகிவிட்டது. ராய்ஸ் எப்போதும் கடைசியில் அறுப்பவன், அவனுடையது காய்ந்து முற்றிச் செடியிலேயே நின்றது. இரண்டாம் நாள் காலை நடையில் அவன் நிலத்தின் தாழ்ந்த பகுதியில் தண்ணீர் மினுங்கியது. மாலையில் வரும்போது அங்கே கனடா வாத்துகள் இறங்கி நீந்திக்கொண்டிருந்தன. பேருந்தில் பிள்ளைகள் ஜன்னலில் அப்பிக்கொண்டு வாத்துகளை எண்ணின. ஊரில் வேறு எவன் நிலத்திலும் வாத்து இறங்கவில்லை.

மூன்றாம் நாள், பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்புகையில், ஓடைக்கரையில் மழைக்கோட்டுப் போட்ட ஓர் ஆள் நிற்பதைப் பார்த்தேன். வெர்லின். பேருந்தை ஓரங்கட்டி இறங்கினேன்.

ஓடைக்கரை நெடுக அவரவர் வடிகுழாய்களின் வாய்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் பழுப்புத் தண்ணீர் வளைந்து கொட்டிக்கொண்டிருந்தது. வெர்லினின் காலடியில் இருந்த வாய்தான் எல்லாவற்றிலும் பெரியது, அவன் அப்பா பொருத்தியது. அதிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது. ஒரு கோப்பை நிறைய அரைமணி ஆகும்.

"எப்பலேர்ந்து நிக்கறே?"

"காலையிலேர்ந்து." அவன் குரல் மழையில் சரியாகக் கேட்கவில்லை. "நேத்தும் வந்தேன். இன்னிக்கி வந்துடும்னு நெனச்சேன். மண்ணு ஊற நேரமாகும்ல. இன்னும் கொஞ்சம் பெஞ்சா வந்துடும்னு..."

"வெர்லின்."

"அவன் வயலுக்கு இது ஒண்ணுதான் வழி, நார்ப். அந்தத் தண்ணி முழுக்க சாலைக்கடியில வந்து, என் நிலத்துல எறங்கி, இது வழியாத்தான் போகணும். அடைச்சுட்டேன். கான்கிரீட்டை ஊத்தி அடைச்சுட்டேன்."

எங்கள் ஊரில் ஒருவன் இன்னொருவனுடைய வேலியை உடைக்கலாம், நாயைச் சுடலாம், பெண்டாட்டியை இழுத்துக்கொண்டுகூடப் போகலாம், பிற்பாடு ஏதோ ஒரு வகையில் சமாதானம் ஆகிவிடும். அடுத்தவன் தண்ணீரை மறித்தவனோடு மூன்று தலைமுறைக்குப் பேச்சு இருக்காது. அவனுக்கு அது தெரியும். மூக்கு நுனியிலிருந்து மழைநீர் சொட்ட, அந்தக் குழாய் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கையைப் பிடித்துப் பேருந்தில் ஏற்றினேன். பிள்ளைகள் உட்காரும் சின்ன இருக்கையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து வந்தான்.

ஜோலீன் ஒரு துண்டை எடுத்துக் கணவன் தலைமேல் போட்டாள். அவளுக்கும் தெரிந்திருந்தது. அந்த ஜன்னலிலிருந்து வாத்துகள் தெரியும்.

"இப்ப என்ன செய்யப் போறே?"

"ஆர்டனைக் கூப்பிட்டு, ராவோட ராவா..."

"ராவோட ராவா! மின்னல் வெளிச்சத்துல தோண்டுவியா? அவன் என்ன கண்ணில்லாதவனா? அவன் சோயா தண்ணில மெதக்குது. நேராப் போயி சொல்லு. அந்தச் சுவத்துப் படத்தைப் பாக்கணும்னு கேளு."

"கேக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"கிடங்குல சொன்னே. நாலு வேலையத்தவனுங்க முன்னாடி. இங்க ரெண்டு வீட்டுச் சாப்பாடு இருக்கு, வெர்லின்."

அவன் துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டான். பிறகு துண்டுக்குள்ளிருந்தே சொன்னான்: "நார்ப், நீயும் வா."

ராய்ஸ் கொட்டகையில்தான் இருந்தான். பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து சங்கிலிக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. வெர்லின் கதவுக்கு உள்ளே வராமல், கூரையிலிருந்து தண்ணீர் கொட்டுகிற இடத்திலேயே நின்றான்.

"அப்பா போட்ட படத்தைப் பாக்கணும்," என்றான் வெர்லின்.

ராய்ஸ் கிரீஸ் துணியால் தானிய அறைக் கதவைக் காட்டினான்.

வெள்ளையடித்த பலகைச் சுவரில் எமில் டெட்மரின் தச்சுப் பென்சில் கோடுகள் அழியாமல் இருந்தன. வீடு, சாலை, ஓடை, வால்நட் மரம். மரத்துக்குக் கீழே மெல்லிய கோடு ஒன்று போனது. அதன்மேல் கொட்டை எழுத்தில் 'செத்தது' என்று எழுதியிருந்தார். அதற்கு மேற்கே, தடித்த கோடாக, சாலையைத் தாண்டி நேராக, ஒரு வளைவுமில்லாமல் தாய்க்குழாய். வெர்லின் விரலை வைத்துச் சாலையிலிருந்து அடிக்கணக்கு பார்த்தான். விரல் மூலைக் கம்பத்தில் போய் நின்றது. கொட்டகையின் கடைசிக் கட்டத்துக்கு அடியில் சாய்வாக ஓடியது.

"மாத்தி ஞாபகம் வெச்சிருந்தேன்," என்றான்.

"குச்சி அடிச்ச அன்னைக்கே தெரியும்," என்றான் ராய்ஸ்.

வெர்லின் திரும்பினான். "என்னது?"

"வண்டில போறப்பவே பாத்தேன். மூலைக் குச்சி சரியா குழாய் மேல நின்னுச்சு."

"பாத்துட்டுப் பேசாம போனியா?"

"ஒரு வெரல் தூக்கினேன். நீ தூக்கலை."

"அதுக்காக... டேய், பன்னெண்டு ஏக்கர் சோயாடா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே!"

"நீ கேப்பேன்னு இருந்தேன். குழி தோண்டறப்போ சில்லு வந்திருக்கும். ஆர்டன் சொல்லியிருப்பான், அவனுக்கு இந்தச் சுவரு தெரியும். எப்படியும் வந்து கேப்பேன்னு மத்தியானம் பூரா இங்கயே உக்காந்திருந்தேன்." ராய்ஸ் இப்போதுதான் எழுந்தான். "நீ வரலை. கம்பம் நின்னுடுச்சு. அப்புறம் என்னால வந்து சொல்ல முடியலை. தினம் வானத்தைப் பாத்துக்கிட்டு, அறுக்கவும் மனசில்லாம... நானும் ஒரு மடையன்தான்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மன்னிப்பு என்ற வார்த்தை அந்தக் குடும்பத்தில் புழங்கியதில்லை. எனக்கு இருவரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது, அழுகையும் வந்தது. மூக்கைச் சிந்திச் சமாளித்தேன்.

"பேக்ஹோல டீசல் இருக்கு," என்றான் ராய்ஸ், வெளியே நின்ற மண்தோண்டும் வண்டியைக் காட்டி.

அன்று ஆர்டனுக்குத் தொலைபேசி செய்தபோது, "அரை மணில வரேன்" என்றான். அரை மணியில் வந்தான். இதை ஊரில் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

மழை தூறலாகிவிட்டிருந்தது. ராய்ஸ் பேக்ஹோவை ஓட்டினான். மருமகன்கள் கூரைக்கு முட்டுக்கொடுத்தார்கள். மூலைக் கம்பத்தைச் சுற்றித் தோண்டி, சங்கிலி கட்டி இழுத்தார்கள். கான்கிரீட் கட்டியோடு கம்பம் பல்லைப் பிடுங்கியதுபோல வெளியே வந்தது. அடுத்த நொடி, குழியின் வடக்குச் சுவரிலிருந்து அடைபட்டிருந்த தண்ணீர் பீறிட்டு வந்து வெர்லினை இடுப்புவரை நனைத்தது. அவன் நகரவில்லை. உடைந்த குழாய்க்குள் கையை விட்டுக் களிமண்ணைத் தோண்டித் தோண்டி வெளியே எறிந்தான்.

ஜோலீன் குழியின் ஓரத்தில் குடையோடு வந்து நின்றாள். "உங்கப்பா குழாயையெல்லாம் நேராத்தான் பொதைச்சாரு. பெத்த ரெண்டுதான் கோணலாப் போச்சு," என்றாள். ஆர்டன் சிரிப்பை அடக்க விதையை மென்றான். ராய்ஸின் காது சிவந்தது.

குழி வடிந்ததும் ஆர்டன் கணக்குச் சொன்னான்: "வெர்லின், வழி இருக்கு. முழங்கை மாதிரி வளைஞ்ச ரெண்டு துண்டை வெச்சு பிளாஸ்டிக் குழாயில கம்பத்தைச் சுத்திக் கொண்டுபோயிடலாம். கொட்டகையில கை வைக்க வேண்டாம். நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள முடிஞ்சிடும்."

"முழங்கையில சேறு தங்கும்," என்றான் வெர்லின்.

"பத்து வருஷம் ஆகும் அதுக்கு."

"பத்து வருஷத்துல தங்கும்ல?"

"தங்கும்."

வெர்லின் சேற்றுக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு தன் கொட்டகையைப் பார்த்தான். புதுத் தகரம், நேர் கம்பங்கள், தரையில் சுண்ணாம்புக் கோடு. ஆறு வாரம் ஜன்னலில் நின்று காத்திருந்து வந்த கொட்டகை.

"கடைசிக் கட்டத்தை எடுத்துடு. அது நேராவே போகட்டும்."

"மேற்கு முகப்பையே எட்டடி உள்ள தள்ளணும். கூரையைக் கழட்டணும். ஒரு வார வேலையை அவுக்கச் சொல்றே."

"அவுத்துடு."

ராய்ஸ் பேக்ஹோ மேலிருந்து, "வேண்டாம்டா, முழங்கை போதும்" என்றான். வெர்லின் காதில் வாங்கவில்லை.

நல்ல மண் குழாய்களை ராய்ஸ் தன் கொட்டகை மூலையிலிருந்து கொண்டுவந்தான், அப்பா மிச்சம் வைத்தவை. சகோதரர்கள் இருவரும் குழிக்குள் இறங்கி முட்டிபோட்டு ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தார்கள். "கொஞ்சம் தள்ளு", "போதும்", "இன்னும்". அதற்கு மேல் பேச்சில்லை. முடிந்ததும் அவர்கள் இருவரும் ஆர்டனும் நானுமாக ஓடைக்குப் போனோம். பெரிய வாயிலிருந்து தண்ணீர் ஓடையின் நடுவரை பாய்ந்துகொண்டிருந்தது. ராய்ஸ் கரையில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் அதைப் பார்த்தான். தண்ணீர் நின்ற பன்னிரண்டு ஏக்கரில் காய்கள் ஊறி வெடித்ததுபோக மூன்றே ஏக்கர்தான் தேறியது. அதைப் பற்றி அவன் என்னிடம்கூடப் பேசியதில்லை.

நன்றித் திருநாளுக்கு முந்தைய நாள் வெர்லின் என்னை அளவுநாடா பிடிக்கக் கூப்பிட்டான். அறுவடை மெஷின் உள்ளே நின்றது. டிராக்டர்கள், விதைப்பு மெஷின், மருந்தடிக்கும் தொட்டி எல்லாம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. மூன்று முறை அளந்தோம். மக்காச்சோளத் தலைக்கு எங்கே எப்படித் திருப்பினாலும் எட்டடி குறைந்தது.

"வெளியில போட்டுத் தார்ப்பாய் மூடலாம்," என்றேன்.

"பனியில துருப்பிடிக்கும்."

நாடாவை இழுத்து விட்டான், இழுத்து விட்டான். அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு சாலையைக் கடந்து நடந்தான். நானும் பின்னால் போனேன்.

ராய்ஸ் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தான். சோளத் தலை மட்டும் தன் சக்கரத்தட்டில் தனியாக நின்றது. அதைச் சுற்றி நன்றாகப் பெருக்கியிருந்தான்.

"இன்னிக்கிதானே கடைசி நாள்," என்றான் ராய்ஸ், துடைப்பத்தை நிறுத்தாமல். அவனுக்கும் கிடங்கில் சொன்ன கணக்கு தெரியும்.

"இடம் பத்தலை."

"ம்."

"எட்டடி."

"ம்."

ராய்ஸ் காத்திருந்தான். வெர்லினின் தாடை அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. மாட்டை விற்கும்போதுகூட அவன் இவ்வளவு பாடுபட்டதில்லை.

"இங்கயே வெச்சுக்கலாமா?"

"எத்தனை நாளைக்கு?"

"நான் சோளம் போடற காலம் வரைக்கும்."

ராய்ஸ் தலையசைத்தான். துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுச் சுவரருகே போய், பெரிய ஸ்பானரை ஆணியிலிருந்து எடுத்து வந்து தம்பியிடம் நீட்டினான். மார்ச்சில் தரையில் கிடந்ததைத் துடைத்து எண்ணெய் போட்டிருந்தான். "இதையும் எடுத்துட்டுப் போ. அப்பாவோடதுதானே. இனிமே உங்கிட்டயே இருக்கட்டும்."

வெர்லின் அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோலப் பிடித்திருந்தான். பிறகு திருப்பிக் கொடுத்தான்.

"வேண்டாம். இங்கயே இருக்கட்டும்," என்றான். "வேணும்கறப்ப வந்து கேக்கறேன்."

ராய்ஸ் அதைக் கொண்டுபோய் மறுபடியும் ஆணியில் மாட்டினான்.